ஊதாவுக்காக ஒரு ஜெபம்

2006 ஆகஸ்ட், ஞாயிறு இரவு.

இன்று எகிப்தில் நதி இரத்தமான வேதப் பகுதியைப் பிரசங்கித்தேன். ஆற்றைக் கெடுப்பது அதைப் படைத்தவருக்கு எதிரான பாவம் என்று சொல்லிவிட்டு, "நம்ம நொய்யல் இன்னைக்கு என்ன நெறத்துல ஓடுதுங்க?" என்று கேட்டேன். எல்லாரும் தலைகுனிவார்கள் என்று நினைத்தேன்.

"ஊதாங்க பாஸ்டர்!" என்றார்கள், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளைப் போல. பாதிப் பேர் சாயப்பட்டறையில் வேலை செய்கிறவர்கள். அவர்களுக்குத் தெரியாத நிறமா?

ஆராதனை முடிவில் வழக்கம்போல் ஜெப விண்ணப்பம் உண்டா என்று கேட்டேன். எஸ்தர் அக்கா எழுந்தார். கூப்பிய கைகள் சாயத்தில் வெந்து தோல் உரிந்திருந்தன.

"இந்த ஊதா ஆர்டர் முடிஞ்சா பட்டறைய மூடிருவேன்னு ஓனர் சொல்றாருங்க. இன்னுங் கொஞ்ச நாளைக்கு ஊதா ஓடோணும்னு ஜெபம் பண்ணுங்க பாஸ்டர்."

மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? கண்ணை மூடிக்கொண்டு ஜெபித்தேன். பிரசங்க முடிவில் ஆமென்னை முனகிய சபை, இதற்கு உரக்கச் சொன்னது.

சாயங்காலம் வீடு திரும்பும்போது பாலத்தில் வண்டியை நிறுத்தினேன். நாற்றத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டிருக்கிறார். ஊதா ஓடிக்கொண்டிருந்தது.