மிகவும் சுவையாக இருந்தது

நோட்டோ, மார்ச் மாதம்

அன்புள்ள நொபுகோவுக்கு,

அண்ணி இகுயோ எழுதுவது. இங்கே பனி உருகி, கடற்கரையில் வக்காமே பாசி அறுக்கத் தொடங்கிவிட்டார்கள். செண்டாயில் உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? உன் அண்ணன் உடம்புக்குக் குறைவில்லை. வைத்ததையெல்லாம் மிச்சமில்லாமல் சாப்பிடுகிறார். என் கவலையே அதுதான்.

உனக்குத் தெரியாததா, கல்யாணமான புதிதில் என் மிசோ சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டு, "ஷோமுனை. சப்புன்னு கெடக்கு. உப்பு வெல ஏறிப்போச்சா?" என்றவர் அவர். அடுத்த நாள் அள்ளிப் போட்டேன். "குதோய். கரிக்குது. கடல்லயே மொண்டுட்டு வந்தியா?" என்றார். நாற்பது வருஷக் குடித்தனம் நம் ஊர்ப் பேச்சின் இந்த இரண்டு வார்த்தைகளில்தான் நடந்தது. நானும் சும்மா இருக்கவில்லை. "இஷ்டம்னா குடிங்க, இல்லேன்னா ஊத்துங்க" என்பேன். ஒருநாளும் ஊற்றியதில்லை.

போன வருஷம் டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னதும் வசவு இரட்டிப்பானது. புது வருஷம் கழிந்து ஒரு காலை, கிண்ணத்தைக் கீழே வைத்து, "மிகவும் சுவையாக இருந்தது" என்றார். வானொலியில் செய்தி வாசிப்பவர்போல, சுத்தமான டோக்கியோப் பேச்சில். எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டு ஹிசாயேயிடம் பீற்றிக்கொண்டேன். "வயசானா வாய் இனிச்சுரும் போல, அனுபவி" என்று சிரித்தாள்.

அசடு நான். நம் ஊர் ஆம்பளைகள் அந்நியர் வீட்டு விருந்தில்தான் அப்படிப் பேசுவார்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை. சில நாள் கழித்து, சாப்பிட்டு முடித்ததும் தரையில் கைகளை ஊன்றி என்னை வணங்கினார். "தங்களுக்குச் சிரமம் கொடுத்துவிட்டேன். மனைவி காத்திருப்பாள், கிளம்புகிறேன்" என்றார். அப்போதுதான் உறைத்தது.

உப்பு மிசோ விழுதே கரைக்காமல், வெந்நீரில் பாசியை மிதக்கவிட்டு வைத்துப் பார்த்தேன். ஒரே ஒரு வசவுக்காக. சொட்டு விடாமல் குடித்து, மிகவும் சுவையாக இருந்தது என்றார். டாக்டர் பேச்சைக் காற்றில் விட்டு உப்பைக் கொட்டியும் பார்த்தேன். முகம் சுளிந்தது, கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் அதே வார்த்தை, அதே வணக்கம். அடுத்தவர் வீட்டில் குறை சொல்லக் கூடாதே. அவருக்கு நாக்கு போகவில்லை நொபுகோ, நான்தான் போய்விட்டேன்.

"நான் வந்து நம்ம ஊர்ப் பேச்சுல நாலு திட்டு திட்டுனா அண்ணனுக்கு நெனப்பு வந்துரும்" என்று எழுதியிருக்கிறாய். நானும் அப்படித்தான் நம்பினேன். போன வாரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏங்க, நான் இகுயோ. ஷோமுனைன்னு ஒரு வாட்டி சொல்லுங்க" என்று அழுதேன். கையை உதறிக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்துவிட்டார். மறுநாளும் என் கையால் எதுவும் வாங்கிச் சாப்பிடவில்லை. இப்போது நானும் டோக்கியோப் பேச்சில்தான் பரிமாறுகிறேன். "இன்னும் சிறிது ஊற்றட்டுமா ஐயா?" என்றால் கிண்ணத்தை நீட்டுகிறார். இனித் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

செர்ரி பூக்கும்போது கட்டாயம் வா. வாசலில் யாரென்று கேட்டால், இந்தப் பக்கமாக வந்தேன் என்று மரியாதையாகச் சொல். அவரோடு உட்கார்ந்து வைத்ததைச் சாப்பிடு. அவர் என்னைப் பாராட்டினால் நீயும் பாராட்டு. அண்ணா என்று மட்டும் கூப்பிட்டுவிடாதே அம்மா, பயந்துவிடுவார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி,
இகுயோ