வெண்ணெய் ரொட்டிக்குப் பிறகு அரை மணி நேரம்

காலையில் மருமகள் ரொட்டி சுட்டாள். கல்லில் வெண்ணெய் உருகிய மணம் கூடம் வரைக்கும் வந்தது. செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டேன். நீ போய்ச் சேர்ந்து எட்டு மாதமாகிறது. உனக்கு எழுத வேண்டும் என்று இன்றுதான் தோன்றியது.

எண்பதுகளின் தொடக்கம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, திண்டுக்கல்லுக்கும் விருதுநகருக்கும் லைன் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தோம். மதியமானால் உன் டிபன் பாக்ஸை என் பக்கம் தள்ளுவாய். "பசிக்கலடி, நீ சாப்பிடு." செல்லூர் வீட்டில் நீயே வைத்த கறிக்குழம்பு. மூன்று மாதம் அதை ருசித்துச் சாப்பிட்டேன். உன் ரவிக்கை தோளில் தொளதொளவென்று ஆனதைப் பார்த்தும், இளைத்தது உனக்கு நன்றாக இருக்கிறது என்று சொன்னவள் நான்.

ஒருநாள் ஓய்வறையில், வலது விலாவுக்குக் கீழே கையை அழுத்திக்கொண்டு, சுவரில் நெற்றியை முட்டி நின்றாய். முதுகெல்லாம் வியர்வை.

"சாப்பிட்டாலே வருதுடி. ரெண்டு வாய் வச்சா வயிறு கல்லாட்டம் நெறஞ்சிருது. எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுச்சு."

உன் அம்மா வயிற்றுக் கட்டியில் போனது எனக்குத் தெரியும்.

"அவருகிட்ட சொல்லிராத. என் பிள்ளைக மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அந்த வாரம் எனக்கும் சோறு இறங்கவில்லை. நீ வர ஐந்து நிமிடம் தாமதமானாலும் வாசலுக்கு ஓடி எட்டிப் பார்ப்பேன். சொல்லாமல் இருந்து உனக்கு ஏதாவது ஆகிவிட்டால்? சொன்னால் நீ என் முகத்தில் விழிப்பாயா? கடைசியில் உன்னை இழுத்துக்கொண்டு ஒரு டாக்டரம்மாவிடம் போய், உன் அம்மா கதையையும் சேர்த்துச் சொன்னேன்.

முதல் நாளே, எக்ஸ்ரேயில் உள்ளே இருப்பது தெரிவதற்கென்று மாத்திரை கொடுத்து, மறுநாள் வெறும் வயிற்றோடு வரச் சொன்னார். வெண்ணெய் தடவிய ரொட்டியும் இரண்டு அவித்த முட்டையும் கையில் இருக்க வேண்டுமாம். காலையில் ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். பிறகு, "இப்பச் சாப்பிடுங்க" என்றார்.

நீ கையை எடுத்துக்கொண்டாய். "வேணாம் டாக்டர். வலி வந்துரும்."

"அதுக்குத்தாம்மா. வெண்ணெய் சிறுகுடலுக்கு எறங்குனதும் அங்கருந்து ஒரு ஹார்மோன் ரத்தத்துல கலக்கும். அது பித்தப்பையைச் சுருங்கச் சொல்லும். இரைப்பையைக் கொஞ்சம் மெதுவா வேலை செய்யச் சொல்லும். வயிறு நெறஞ்சுருச்சு, போதும்னு நமக்குத் தோணுறதுலயும் அதுக்குப் பங்கு இருக்குங்கறாங்க. உங்க பித்தப்பை சுருங்குதான்னு நான் பாக்கணும்."

"அப்ப அதுவும் நம்மளாட்டம் ஆபரேட்டர்தான் போலடி" என்றாய் என்னிடம். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாய். ஒரு முட்டையைத் தொடவே இல்லை.

அரை மணி நேரம் பெஞ்சில் காத்திருந்தோம். என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாய், நகம் பதிந்தது.

"கட்டியா இருந்தா என் சின்னவளப் பாத்துக்குவியாடி?"

"பேசாம இரு" என்று அதட்டினேன். அப்போதே வலியும் வந்துவிட்டது. குனிந்தபடியே இரண்டாவது படத்துக்குப் போனாய்.

டாக்டரம்மா இரண்டு படங்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பித்தப்பை நல்லாச் சுருங்குது. உள்ள மூணு கல்லு இருக்கு. அது சுருங்கும்போது கல்லு பையோட வாயை அடைக்குது, அதான் வலி. வலிக்குப் பயந்தே நீங்க சாப்பாட்ட விட்டுட்டீங்க. உங்கம்மாவுக்கு வந்தது இது இல்லம்மா."

நீ அழவில்லை. "அப்ப அந்த இன்னொரு முட்டையச் சாப்பிடலாமா?" என்று கேட்டாய். அழுதது நான்தான்.

அன்று மாலை உன் வீட்டுக்காரரிடம் நீயே சொன்னாய். உன்னை அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைப் பார்த்துத்தான் கத்தினார்: "சத்தியமாம் சத்தியம்! இவ செத்திருந்தா அந்தச் சத்தியத்த வச்சு நான் என்னம்மா பண்ணியிருப்பேன்?"

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதன் பிறகு எத்தனையோ வருடம், எத்தனையோ கல்யாணப் பந்தியில் நாம் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டோம். ஆனால் அவர் கேட்ட அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவே இல்லை.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண் வந்து, "யாருகிட்டயும் சொல்லிராதீங்கத்தே" என்று ஆரம்பித்தாள்.

"சொல்லுவேன்" என்றேன்.

வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பிறகு உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னாள்.