பதினேழாம் நம்பர் டிஸ்க்

2 ஆகஸ்ட் 2024

இன்றும் அதே பாராயணம். சர்வருக்கு நாலு டிஸ்க் போடும் பெட்டியா, எட்டு போடுவதா? ‘பாண்டிராஜ் வீடியோஸ்’ என்று போர்டு மாட்டி இவர் பதினாலு வருஷமாக எடுத்த கல்யாணங்கள், நான் உட்கார்ந்து வெட்டி ஒட்டிய கல்யாணங்கள், எல்லாம் நாற்பத்தொரு ஹார்ட் டிஸ்க்கில், என் பட்டுச்சேலைகளுக்கு நடுவே பீரோவில் கிடக்கின்றன. பாச்சா உருண்டை வாசனையோடு. எல்லாவற்றையும் ஒரே சர்வரில் ஏற்றிவிட்டால் பீரோ எனக்கு, நிம்மதி அவருக்கு. நல்ல யோசனைதான். ஜனவரியில் வந்த யோசனை.

11 ஆகஸ்ட்

பெங்களூரிலிருந்து இவர் கூட்டாளி செல்வக்குமார் வீடியோ காலில். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர். “மதினி, ரெண்டு டிஸ்க்கு செத்தாலும் உள்ள உள்ளது சாகக்கூடாது, அப்படி அமைக்கணும்.” அமையுங்களேன், யார் தடுத்தது? “ஆனா இப்ப வாங்காதீங்க, தீவாளிக்குப் புது மாடல் வருது.” இவர் முகத்தில் என்ன ஒரு ஆனந்தம்! வாங்காமல் இருக்க ஒரு காரணம் கிடைத்தால் போதும் இந்த மனுஷனுக்கு.

19 ஆகஸ்ட்

இன்றைய ஆராய்ச்சி மெமரி. சாதா மெமரியா, தன் தப்பைத் தானே திருத்திக்கொள்ளும் மெமரியா? அப்படி ஒன்றாவது இந்த வீட்டில் இருக்கட்டும் என்றேன். முறைத்தார்.

9 செப்டம்பர்

விளாத்திகுளத்திலிருந்து உமாதேவி வந்தாள். அவள் கல்யாணத்தை 2017இல் நாங்கள்தான் எடுத்தோம். ஆடியில் அவள் அப்பா நல்லக்கண்ணு தவறிவிட்டாராம். பந்தியில் கேமராவைப் பார்த்து, “எலே, எம் மூஞ்சிய என்னத்துக்குப் புடிக்க? இலையப் புடி!” என்று அவர் சத்தம் போட்டது எனக்கே ஞாபகம் இருக்கிறது. அந்தக் குரல் அவளுக்கு வேண்டும். வேறெங்கும் அது பதிவாகவில்லை.

“டிவிடி குடுத்தோமே தாயி?”

“அத ஓட்டுத பொட்டி இப்ப எங்க இருக்கு பொன்மணிக்கா? அப்பாதான் சோளக்காட்டுல குருவி வெரட்டக் கட்டித் தொங்கவிட்டாவ. வெயில்ல வெளுத்துப் பல்ல இளிச்சிட்டு.” சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

அவள் கல்யாணம் இருக்கிற பதினேழாம் நம்பர் டிஸ்க்கை எடுத்து மாட்டப் போனேன். இவர் தடுத்தார். “பழைய டிஸ்க்கு. சும்மா சும்மா மாட்டிக் கழத்தாதட்டி. சர்வர் வந்ததும் மொத்தமா ஏத்தி, அதுலருந்து குடுத்துருவோம். ரெண்டே வாரம் தாயி.” நம்பிப் போய்விட்டாள். பாவம், அவளுக்கு இவரைத் தெரியாது.

27 செப்டம்பர்

ரெண்டு வாரம் தாண்டிவிட்டது. உமா போன் செய்தாள். ஐயா இப்போது சர்வர் விசிறியின் சத்தத்தை ஆராய்கிறார். அதோடு, “தூசியில்லாத குளிர்ந்த அறையில் வைக்கவும்” என்று போட்டிருக்கிறதாம். கோவில்பட்டியில்! காற்றடித்தால் கரிசல் மண்ணைச் சோற்றோடு தின்கிற ஊரில்! அப்படி ஓர் அறை இருந்தால் முதல் ஆளாக நான் போய்ப் படுத்துக்கொள்வேன்.

11 அக்டோபர்

ஆயுத பூஜை. கேமரா, லைட், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு. டிஸ்க்குகளுக்கும்தான், சோறு போடுகிறவை அல்லவா? மற்றதுக்கெல்லாம் குங்குமத்தைத் தொட்டு வைத்ததோடு சரி. பதினேழுக்கு மட்டும் குழைத்த சந்தனம், தாராளமாக. பெரியவர் குரல் இருக்கிற டிஸ்க். பொட்டுக்கென்றே இடம் விட்டதுபோல அதில் ஒரு சின்னத் துளை வேறு. பக்கத்தில் இங்கிலீஷில் ஏதோ பொடி எழுத்து.

16 அக்டோபர்

போனில் உமா மறுபடி அழுதாள். பொறுக்கவில்லை. இவர் வெளியே போன நேரம் பார்த்து நானே மாட்டினேன். டிக். டிக். டிக். வேறொன்றும் வரவில்லை.

21 அக்டோபர்

டிஸ்க்கைத் திறந்து பார்க்கிற கடை மதுரையில் இருக்கிறது. இவரிடம் சொன்னேன்; டிஸ்க்கை எடுத்துக்கொண்டு போய்விட்டு வந்தார். அந்தத் துளை காற்றுக்கு விட்டதாம். ஈரச் சந்தனம் உள்ளே இறங்கி, ஓடுகிற தட்டைச் சுரண்டிவிட்டதாம். ஒன்றும் மிஞ்சவில்லை. அந்தப் பொடி எழுத்து — ‘இதை மூடாதே.’

அடி பாவி. அத வாசிச்சுத் தொலைச்சா என்ன? வருஷம் பூரா அவரை எகத்தாளம் பேசுன வாயி, இப்ப எங்க கொண்டு வைக்க?

கத்துவார் என்று காத்திருந்தேன். கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

23 அக்டோபர்

உமா வந்தாள். இவர் முந்திக்கொண்டார். “நாந்தான் தாயி காரணம். இன்னைக்கி நாளைக்கின்னு இழுத்துட்டேன். டிஸ்க்கு செத்துப்போச்சு.” சந்தனம் என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. அவள் திட்டினாள், நன்றாகத் திட்டினாள். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இத்தனை பேசுகிற நான்.

2 நவம்பர்

சர்வர் வந்துவிட்டது. எட்டு டிஸ்க் பெட்டி. செல்வக்குமாரைக்கூடக் கேட்கவில்லை.

1 அக்டோபர் 2025

ஆயுத பூஜை. குங்குமக் கிண்ணத்தோடு சர்வர் முன்னால் போய் நின்றேன். பரணிலிருந்து அது வந்த காலி அட்டைப்பெட்டியை இறக்கி என் முன்னால் வைத்தார். “இதுக்கு வை.” ஒரு வருஷத்தில் அந்தச் சந்தனத்தைப் பற்றி அவர் பேசியது அந்த ரெண்டு வார்த்தைதான்.

பொட்டு வைத்தேன். உமாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன் — சந்தனம், துளை, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது. பிறகு, “போன அண்ணாச்சிட்ட குடுங்க” என்றாள்.

கொடுத்தேன். கேட்டுக்கொண்டே இருந்தார். என் பக்கம் திரும்பவில்லை.

“விடு தாயி. நானும்தான இழுத்துட்டேன்.”

போனை நீட்டிவிட்டுப் பொரியை அள்ளித் தின்ன ஆரம்பித்தார்.