லயமா, தொடர்மனையா

றக்வான,
14.06.2008

அன்பு மகன் சுதாகரனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம், உங்கப்பாவுக்கு மட்டும் பிரஷர் ஏறி இறங்கியது, இப்போது பரவாயில்லை. டோஹா வெயிலில் நீயும் சுகமாக இருக்கப் பிள்ளையாரைக் கேட்டுக்கொள்கிறேன். தங்கச்சி ஷாமிளாவின் கலியாணப் பேச்சு நின்றுவிட்டது என்று போனில் அழுதேன், அடுத்த கிழமை மறுபடி சரியாகிவிட்டது என்றேன், நடுவில் என்னதான் நடந்தது என்று நீ கேட்பதற்குள் கார்டு முடிந்துவிட்டது. அது போனில் சொல்லி முடிகிற கதையில்லை மகன்.

உங்கப்பா தேயிலை பெக்டரி ஒபீசில் பென்ஷன் எடுத்ததிலிருந்து பொழுது போகாமல் பஜாரில் அஸீஸின் கொமியுனிகேசன் கடையே கதி என்று இருக்கிறார் அல்லவா. அங்கே இரண்டு கம்பியூட்டர், நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. இன்டர்நெட்டில் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் எழுதியதையும் திருத்தலாம் என்று அஸீஸ் காட்டிக் கொடுத்திருக்கிறான். இவர் பச்சைக்கொழுந்து என்று பெயர் வைத்துக்கொண்டு, தோட்ட மக்கள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் லயங்களில் வசிக்கிறார்கள் என்று எழுதினார். மறுநாள் செந்தமிழ்வேள் என்று ஒருவர் வந்து லயத்தை அடித்துவிட்டுத் தொடர்மனை என்று போட்டுவிட்டார். லயம் என்றால் தாளம், மக்கள் தாளத்துக்குள் எப்படிக் குடியிருப்பார்கள் என்று கேள்வி வேறு. இவர் மாற்ற, அவர் மாற்ற, ஒரே நாளில் பதினோரு தரம். சோற்றில் கை வைத்தபடியே தொடர்மனையாம், தொடர்மனை என்று பல்லைக் கடிப்பார்.

அந்த நேரத்தில்தான் பள்ளிக்கூடத்துச் சுந்தரலிங்கம் மாஸ்டரும் சம்சாரம் பிரேமலதாவும் தங்கள் மகன் தினேஷுக்கு ஷாமிளாவைக் கேட்டு வந்தார்கள். மாஸ்டர் எவ்வளவு தன்மையான மனிசன் தெரியுமா. தேத்தண்ணி குடிக்கும்போது உங்கப்பா, இன்டர்நெட்டுல ஒரு மடையன்கிட்ட மாட்டிக்கிட்டேங்க என்றார். மாஸ்டரும், எனக்கும் ஒருத்தன் வாய்ச்சிருக்கான், தமிழே தெரியாத ஜென்மம் என்றார். ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள். எங்களுக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தக் கலைக்களஞ்சியத்து நிர்வாகி இரண்டு பேரையும் எழுத விடாமல் தடுத்துவிட்டார். இரண்டு பெயரும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன, ஒரே ஆள்தான் இரண்டு பெயரில் தன்னோடு தானே சண்டை பிடிக்கிறார் என்பது அவர் தீர்ப்பு. உங்கப்பா கொதித்தெழுந்து, டேய் அஸீஸ், நானும் அந்த செந்தமிழ்வேளும் ஒரே ஆளாமே என்று கத்தினார். அதே நிமிடம் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு தலை எழும்பியது. மாஸ்டர்! பலகைக்கு மேலே இரண்டு தலையும் பார்த்துக்கொண்டே நின்றதாம். அப்ப நீங்கதானா என்று கேட்டுவிட்டு மாஸ்டர் குடையைக்கூட மறந்துவிட்டு வெளியே போய்விட்டார். அன்று பின்னேரமே, சம்பந்தம் சரிவராது என்று ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார்கள். ஷாமிளா இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஒரு சொல்லுக்காகப் பிள்ளையின் வாழ்க்கை போகிறதே என்றுதான் உனக்குப் போன் எடுத்து அழுதேன்.

வெள்ளிக்கிழமை கோயிலில் பிரேமலதாவைப் பார்த்தேன். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. அக்கா, இதுங்கள இப்படியே விட்டா சரிவராது என்றாள். ஞாயிறன்று அவரவர் புருஷனை இழுத்துக்கொண்டு தோட்டத்தின் மேற்பக்கம் இருக்கிற மேல்கணக்கு லயத்துக்குப் போனோம். அங்கே கொழுந்து எடுக்கிற ஜெயம்மாவிடம், இதுக்கு என்னா பேரு, நீயே சொல்லு என்றேன். அவள் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தாள். நாங்க லயம்னுதாங்க சொல்றோம், பேரு என்னா வேணா எழுதிக்கங்க, மழ பேஞ்சா எட்டு காம்பரா வீடும் ஒழுகுதே, அத எழுதுனீங்களா என்றாள். மாஸ்டர்தான் முதலில், ஜெயம்மா சொல்றது ஞாயந்தானுங்க என்று உங்கப்பா கையைப் பிடித்தார். தமிழே தெரியாத ஜென்மம் என்று சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டார். உங்கப்பாவும் மடையனை வாபஸ் வாங்கினார்.

அப்புறம் தாங்கள் இரண்டு ஆள் என்று நிரூபிக்கச் சேர்ந்து ஒரு விண்ணப்பம் எழுதினார்கள். நாங்கள் இரண்டு பேர் என்று இவர், யாம் இருவேம் என்று அவர், அதற்கே மூன்று நாள். கடைசியில் அஸீஸ் சலித்துப்போய், இரண்டு பேரையும் அடையாள அட்டையோடு பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் பிடித்து அனுப்பினான். நிர்வாகி மன்னிப்புக் கேட்டுத் தடையை எடுத்துவிட்டார். இப்போது அந்தக் கலைக்களஞ்சியத்தில், மக்கள் தாங்கள் லயம் என்றழைக்கும் தொடர்வீடுகளில் வசிக்கிறார்கள், மழைக்காலத்தில் கூரைகள் ஒழுகும் என்று இருக்கிறது. ஒழுகும் என்ற இடத்தில் மட்டும் ஆதாரம் தேவை என்று நிர்வாகி ஒரு குறிப்புப் போட்டிருக்கிறார். ஜெயம்மாவிடம் சொன்னேன். ஆதாரமா, அந்த ஐயாவ ஒரு மழைக்கு இங்கிட்டு வரச் சொல்லுங்க, நடு வீட்டுல பாய் போட்டுத் தர்றேன் என்றாள்.

கலியாணம் ஆவணியில். லீவுக்கு இப்போதே எழுதிக் கொடு மகன், கடைசி நேரத்தில் டிக்கெட் இல்லை என்று சொல்லாதே. வேளைக்குச் சாப்பிடு, தண்ணீர் நிறையக் குடி. எந்தக் குறையும் இல்லாமல் நீ நூறு வருசம் நல்லா இருக்கணும். உங்கப்பா பார்த்தால் திருத்த ஆரம்பித்துவிடுவார் என்று இதைக் காட்டாமலே தபாலில் போடுகிறேன், பிழை இருந்தால் அப்படியே வாசித்துக்கொள்.

உன் அன்பு அம்மா,
இ. சீதாலட்சுமி