முக்கால் கேன்

மார்ச் 3
பேத்தி போனில் ஒரு பொத்தானைக் காட்டிக் கொடுத்திருக்கிறாள். அழுத்திப் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும், தேதியும் போட்டுக்கொள்ளும். எழுதினதை எனக்குப் படிக்கத் தெரியாது. அதுவும் நல்லதுக்குத்தான்.

மருமகன் கிரேன் ஓட்டுகிற சினிமாவில் எனக்கும் வேலை. கிரேன் என்பது நீளமான இரும்புக் கை. ஒரு முனையில் கேமரா, மறு முனையில் சரிக்குச் சரி பாரம். சின்னப் படம், இரும்புக் கட்டிகளுக்கு வசதியில்லை. தண்ணீர்க் கேன்களைக் கட்டுகிறார்கள். ரொப்புவது நான்.

"கழுத்து முட்ட ரொப்புங்க மாமா. உள்ள காத்தே இருக்கக் கூடாது" என்றான். எனக்கே தண்ணீர் பிடிக்கச் சொல்லித் தருகிறான்!

மார்ச் 4
முழுக் கேனைத் தூக்கினால் இடுப்பு பிய்கிறது. முக்கால் முக்காலாக ரொப்பி, குறைந்த பாரத்துக்குக் கூடுதலாகச் சில கேன்களைக் கட்டிவிட்டேன். நீலக் கேன், மூடி போட்டாயிற்று. உள்ளே எவ்வளவு என்று யாருக்குத் தெரியப்போகிறது?

மார்ச் 6
கேமரா மாடிப்படி உச்சியிலிருந்து இறங்கி, கீழே அழுதுகொண்டிருக்கும் பெண்ணின் முகத்தருகே நிற்க வேண்டும். வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. நின்றதும், பக்கத்து டிவியில் தெரிகிற படத்தில் முகம் ஆடுகிறது. மறுபடி. மறுபடி. அந்தப் பெண்ணுக்கு அழுகையே வற்றிவிட்டது.

டைரக்டர் மருமகனிடம் வந்தார். "என்னண்ணே, கை நடுங்குது? பழைய பழக்கம் திரும்பிடுச்சா?"

அவன் குடியை விட்டு எட்டு மாதம். மாமனாராச்சே என்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"எனக்கென்ன தெரியும்? நேத்து வீட்டுக்கு லேட்டாத்தான் வந்தாரு" என்றேன்.

கிரேனை வண்டியில் ஏற்றிக் கட்டிவிட்டு வந்ததால்தான் லேட். தெரியும். சொல்லவில்லை. ஏன்? கொட்டுகிற மழையில், கைக்குழந்தையோடு என் மகளை ரோட்டில் நிற்க வைத்துவிட்டுக் குடிக்கப் போனானே, அன்றைக்கு அவள் கட்டியிருந்த புடவையின் நிறம்கூட எனக்கு மறக்கவில்லை. அதனால்தான். வேறென்ன?

யாரோ மகளுக்குப் போன் பண்ணியிருக்கிறார்கள். சாயங்காலம் வீட்டு வாசலிலேயே அவனை நிறுத்தி, "ஊதுங்க" என்றாள். ஊதினான். ஒரு வாடையும் இல்லை. இன்னொரு தடவை ஊதச் சொன்னாள். பேத்தி பார்த்துக்கொண்டே நின்றாள்.

மார்ச் 7
இன்றும் ஆடியது. கிரேன் கை நின்ற நேரத்தில், சும்மா ஒரு கேன்மேல் கை வைத்தேன். உள்ளே தண்ணீர் இடித்தது — வயிற்றுப் பிள்ளை உதைக்கிற மாதிரி. ஒரு தடவை, இன்னொரு தடவை, அப்புறம் அடங்கியது. அது அடங்கியபோதுதான் படத்தில் முகமும் அடங்கியது.

ஐயோ. நான்தான்.

"நாளைக்கும் ஆடுச்சுன்னா வேற ஆளப் பார்த்துக்கறேன்" என்று டைரக்டர் அவனிடம் சொன்னார். நான் பக்கத்திலேயே நின்றேன். வாய் இருக்கிறதே, எதுக்கு இருக்கிறது?

மார்ச் 8
யாரும் பார்ப்பதற்குள் ரொப்பிவிடலாம் என்று சீக்கிரமே போனேன். குழாயடியில் மருமகன். கேனைச் சாய்த்துப் பிடித்துக் கழுத்து முட்ட ரொப்பிக்கொண்டிருந்தார். கூடுதல் கேன்கள் தனியாக இருந்தன.

"எப்படித் தெரிஞ்சுது மாப்ளே?"

"நேத்து கேன்மேல கை வச்சீங்களே, உங்க மூஞ்சியப் பார்த்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"யாரு நம்புவா? குடிகாரன் பழியத் தூக்கி மாமனார் தலையில போடறான்னுவாங்க."

மூடியை இறுக்கிவிட்டு அடுத்த கேனை எடுத்தார்.

எல்லாரும் வந்தபின் டைரக்டரிடம் சத்தமாகவே சொன்னேன். "தம்பி, ஆடினது அவரு கையில்ல, என் கேனு. முக்கால்தான் ரொப்பினேன். அவரு லேட்டா வந்ததும் உங்க கிரேன வண்டியில ஏத்திட்டுத்தான். தெரிஞ்சுதான் சொல்லாம இருந்தேன்."

ஒருத்தரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

கேமரா இறங்கியது. முகத்தருகே ஆணி அடித்த மாதிரி நின்றது. அந்தப் பெண்ணின் கண்ணீர் மட்டும்தான் அசைந்தது.

மார்ச் 9
கேன் தூக்க வேறு ஆள் போட்டாயிற்று. எனக்கு மூடி திருகுகிற வேலை. திருகினேன்.

நேற்று நடந்ததைக் காலையில் மகளிடமும் சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் ரெண்டு பேரும் ஒன்றாக வந்தோம். அவள் வாசலில் நின்றிருந்தாள். மருமகன் ஒதுங்கி எனக்கு வழிவிட்டார்.

"முதல்ல மாமா ஊதட்டும்."

பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

நான் ஊதினேன்.