பெற்றோல் என்று சொன்ன வண்டி

ஸ்கந்தபுரம்,
12.10.2025

அன்புத் தங்கச்சி தர்மிளாவுக்கு,

நீயும் மச்சான் நிஷாந்தனும் சின்னவளும் கனடாவில் ஒரு குறையுமில்லாமல் இருக்க முறிகண்டிப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு இதை எழுதத் தொடங்குகிறேன். போன ஞாயிறுதானே வாட்ஸ்அப்பில் கதைத்தோம், இந்தக் காலத்தில் இதென்ன கடிதம் என்று நீ சிரிப்பாய். சிரிக்கிற விஷயமில்லை. போனில் உன் முகத்தைப் பார்த்தால் திரும்பவும் பொய் சொல்லிவிடுவேன். இரண்டு மாதமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். கடிதமென்றால் நீ இடையில் புகுந்து "பரவாயில்லை அண்ணா" என்று சொல்ல முடியாது. நான் முழுவதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இங்கே மழை இன்னும் வடிவாக விழவில்லை. பெரும்போகத்துக்கு வயலை உழுது விட்டிருக்கிறேன். அவசரக்காரர்கள் வானத்தை நம்பி விதைத்துவிட்டார்கள், நான் இன்னும் ஒரு கிழமை பார்க்கலாம் என்றிருக்கிறேன். உன் அண்ணிக்கு முழங்கால் நோ குறைவு. நீ தந்துவிட்டுப் போன கிறீமை, முடிந்துவிடும் என்ற பயத்தில் விரல் நுனியால் தொட்டுத் தொட்டுப் பூசுகிறாள். மகள் யதுர்ஷிகா ஓ.எல். சோதனைக்குப் படிக்கிறாள், கணிதம்தான் அவளுக்கு உதைக்கிறது. பிக்கப் கராஜிலிருந்து வந்துவிட்டது. பம்பும் இன்ஜெக்டரும் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். வளவுக்குள் நிற்கிறது. நான் இன்னும் ஒரு நாளும் அதை எடுத்து ஓடவில்லை.

அந்தப் பிக்கப்பைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

ஊருக்கு வர முதல் நீ என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். "என்ன வண்டி எண்டாலும் எடுங்கோ அண்ணா, பிறகு வயலுக்கும் உதவட்டும். ஆனால் பெற்றோல் வண்டியாய்ப் பாருங்கோ" என்றாய். ஏன் என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? சண்டைக்குள் இடம்பெயர்ந்து ஓடின அந்த உழவு இயந்திரப் பெட்டியில் நானும்தானே இருந்தேன். டீசல் புகை முகத்தில் அடிக்க அடிக்க, அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் வந்தாய். அம்மா போய்விட்டா என்று தெரிந்த பிறகும் நீ அந்தத் தலையை இறக்கி வைக்கவில்லை. அதற்குப் பிறகு பஸ்ஸில் ஏறினாலே சத்தி எடுப்பாய். இதெல்லாம் தெரிந்துகொண்டுதான் நான் அந்த வேலையைச் செய்தேன்.

வவுனியாவில் வண்டி விற்கிற இடத்துக்கு இரண்டு தரம் போனேன். பெற்றோல் எஞ்சின் இருந்தது. ஆனால் அடி ரகத்தில் மட்டும்தான். துணிச் சீற், காலுக்குக் கீழே வெறும் றப்பர், கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்க வேண்டும், கமரா கிடையாது. தோல் சீற்றும் பெரிய திரையும் முன்பக்கம் வெள்ளி மினுக்கமும் உள்ள மேல் ரகமெல்லாம் டீசல்தான். "ஐயா, பாரம் இழுக்கிற ஆக்கள் டீசல்தான் கேக்கினம். மேல் ரகத்திலை கொம்பனி பெற்றோல் போடுறேல்லை. நீங்கள் தலைகீழாய் நிண்டாலும் எடுக்கேலாது" என்று விற்கிறவர் சொன்னார். அடி ரகத்தில் ஏறி இருந்து பார்த்தேன். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. பிறகு மேல் ரகத்தில் ஏறி இருந்தேன். இறங்க மனம் வரவில்லை.

உனக்கு வசதியாக இருக்கட்டும் என்றுதான் அந்த மேல் ரகத்தை எடுத்தேன் என்று எழுதலாம். அது அடுத்த பொய். ஸ்கந்தபுரம் சந்தியில் அந்த வண்டியிலிருந்து நான் இறங்குவதை அந்தச் சீற்றில் இருந்தபடியே நினைத்துப் பார்த்தேன். அவ்வளவுதான். வன்னிக்குள் பெற்றோல் விடாத தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட வைத்தவன் நான். ஸ்டார்ட் எடுக்க மட்டும் ஊசிக் குழாயால் நாலு துளி பெற்றோல் விட்டு, மிச்சத்தை மண்ணெண்ணெயில் ஓட்டின காலம் அது. "எஞ்சின் எண்டால் சிவராசா" என்று சொல்கிற இந்த ஊரில், முப்பது வருசம் மற்றவர்களின் வண்டிக்கு அடியில் படுத்து எழும்பின பிறகு, கண்ணாடியைக் கையால் சுற்றுகிற வண்டியில் வந்து இறங்க எனக்கு வெட்கமாக இருந்தது. எது வெட்கம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

இப்போது வருகிற டீசல் வண்டிகள் மணக்காது, தர்மிளாவுக்குத் தெரியவே வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உனக்குப் போன் எடுத்துப் பெற்றோல் என்றேன். வண்டி வீட்டுக்கு வந்த அன்று, நாலு ரயருக்கும் கீழே தேசிக்காய் வைக்க முதல், எண்ணெய் அடிக்கிற மூடிக்குள் ஒட்டியிருந்த "டீசல் மட்டும்" என்ற ஸ்டிக்கரைச் சவர பிளேட்டால் சுரண்டினேன். கோதாரி பிடித்தது, லேசில் வரவில்லை. அரை மணித்தியாலம் குந்தியிருந்து சுரண்டிப்போட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து கற்பூரம் கொளுத்தினேன்.

நீங்கள் நின்ற மூன்று கிழமையும் விடிய எழும்பி நானே ஷெட்டுக்குப் போய் டீசல் அடித்துக்கொண்டு வந்தேன். வேறு ஒருவரையும் விடவில்லை. "அண்ணா பாவம், எல்லா வேலையும் தானே பார்க்கிறார்" என்று நீ அண்ணியிடம் சொன்னாயாம். அதைக் கேட்ட பிறகும் அடுத்த நாள் விடிய எழும்பி ஷெட்டுக்குப் போனேன்.

நீ எங்கே போனாலும் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் இருந்தாய். ஏசி போடுவம் என்று மச்சான் சொன்னபோது, "ஊர்க் காத்து வேணும்" என்றாய். ஆனையிறவுக்குப் போய் வந்த அன்று உன் தலைமயிரெல்லாம் புழுதி. காற்றுக்காகத்தான் இறக்குகிறாய் என்று நானும் நம்பினேன். எனக்கு அப்படி நம்புவது வசதியாக இருந்தது.

நீங்கள் வெளிக்கிட்ட அன்று அறுவடை மெசின் திடீரென்று கிடைத்துவிட்டது. அது போனால் பிறகு பத்து நாளைக்குப் பிடிக்க முடியாது. அதனால்தான் பிரதீபனை உங்களோடு அனுப்பினேன். பள்ளிக்கூட வான் ஓட்டின பிரதீபன். தாய் தகப்பன் அந்த நாள் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, எங்கள் ஒழுங்கையின் கடைசியில் காடு வெட்டிக் குடியேறினவர்கள். அவன் இங்கே பிறந்து இங்கே வளர்ந்தவன். கட்டுநாயக்கா எயார்போட்டுக்குப் போய்வர ராங்கில் எண்ணெய் காணும், வழியில் ஒன்றும் அடிக்காதே என்று அவனுக்குச் சொன்னேன். என்ன எண்ணெய் என்று சொல்லவில்லை. நீ பக்கத்தில் நின்றாய்.

புளியங்குளத்தில் நடந்ததற்கு மச்சானின் நல்ல மனம்தான் காரணம். திரும்பி வரும்போது எனக்குச் செலவு வரக்கூடாது என்று, ராங்கை நிரப்பச் சொல்லிக் காசைக் கொடுத்துவிட்டு, உங்களைத் தேத்தண்ணீர் குடிக்கக் கூட்டிக்கொண்டு போனார். ஷெட்டில் பெற்றோலா டீசலா என்று கேட்டிருக்கிறார்கள். பிரதீபனுக்கு எஞ்சின் சத்தத்தில் சந்தேகம். எனக்கு இரண்டு தரம் போன் அடித்திருக்கிறான். நான் அறுவடை மெசினின் இரைச்சலுக்குள் நின்றேன். மூடியைப் பார்த்தால் அங்கேயும் ஒன்றும் எழுதியில்லை. நான் உனக்குப் பெற்றோல் பெற்றோல் என்று சொன்னதை அவன் பக்கத்தில் நின்று கேட்டவன். எஞ்சின் சங்கதியில் சிவராசா அண்ணை பிழை விடுவாரா? தன் காதை விட என் சொல்லை நம்பிப் பெற்றோலை அடித்தான்.

ஓமந்தைக்குக் கிட்ட வண்டி இடித்து இடித்து நின்றது. வவுனியாவிலிருந்து வந்த மெக்கானிக் மணந்து பார்த்துவிட்டுச் சொன்னதும், "அண்ணா, இது டீசல் வண்டியாமே" என்று நீ எனக்குப் போன் எடுத்ததும் உனக்கு நினைவிருக்கும். நான் சொன்ன பதிலை இங்கே அப்படியே எழுதுகிறேன், வாசித்துக்கொள். "ஓமம்மா, கொம்பனிக்காரர் கடைசி நேரத்திலை டீசலைத் தந்துபோட்டாங்கள். நீ கவலைப்படுவாய் எண்டு சொல்லேல்லை. பிரதீபனிட்டை வடிவாச் சொல்லித்தானே விட்டனான்" என்றேன்.

கொம்பனிக்காரர் ஒன்றும் மாற்றித் தரவில்லை. பிரதீபனிடம் நான் ஒன்றும் சொல்லி விடவில்லை.

எல்லோருக்கும் கேட்கிற மாதிரி நீ போனைப் பிடித்திருந்தாய் என்று பிறகுதான் அறிந்தேன். "தோட்டக்காட்டானிட்டை வண்டியைக் குடுத்தால் இப்பிடித்தான்" என்று மச்சான் சொன்னது எனக்கும் கேட்டது. பிளேன் போய்விடும் என்ற பதற்றத்தில் வந்த வார்த்தை என்று நினைக்கிறேன். ஆனால் அந்த வார்த்தைக்கு வழி வெட்டிக் கொடுத்தவன் நான். ஒரு சொல் மறுத்துச் சொல்லாமல் போனை வைத்துவிட்டு நெல் மூட்டைக்கு வாய் கட்டப் போனேன். நீங்கள் வாடகை வானில் ஏறிப் போனீர்கள். அதுவும் டீசல். நீ வழி முழுக்கச் சத்தி எடுத்தாய் என்று மச்சான் பிறகு சொன்னார்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. சந்தியில் வண்டிக்கு என்ன நடந்தது என்று கேட்டார்கள். ஓட்டினவன் பெற்றோலை அடித்துவிட்டான் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் கூடச் சிரித்தேன். அடுத்த கிழமை அவனுக்குப் "பெற்றோல் பிரதீபன்" என்று பட்டம் வைத்துவிட்டார்கள். வானில் ஏறுகிற பிள்ளைகள்கூட, "இண்டைக்கு என்ன அங்கிள், பெற்றோலோ டீசலோ" என்று கேட்டிருக்கிறார்கள். பிறகு தாய் தகப்பன்மார், எண்ணெயே தெரியாதவனிடம் பிள்ளைகளை எப்படி விடுவது என்று வான்காரரிடம் போனார்கள். எட்டு வருசம் ஒரு கீறல் விழாமல் ஓட்டினவனிடமிருந்து வான் திறப்பை வாங்கி, வேலையால் நிறுத்திவிட்டார்கள். இப்போது விடிய முதல் பஸ்ஸில் ஆனையிறவு உப்பளத்துக்குக் கூலிக்குப் போகிறான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டும் ஒரே ஒழுங்கையில் குடியிருக்கின்றன.

போன வெள்ளிக்கிழமை அவன் மனைவி சுதாஜினி வீட்டுக்கு வந்தாள். சண்டை பிடிக்கப் போகிறாள் என்று நினைத்து நான் குசினிப் பக்கமாக நழுவப் பார்த்தேன். அவள் சண்டை பிடிக்கவில்லை. நீ கனடாவிலிருந்து கொண்டு வந்து பிரதீபனுக்குக் கொடுத்த புதுச் சேட்டைத் தோய்த்து, அயன் பண்ணி, மடித்துக் கொண்டு வந்து அண்ணியின் கையில் கொடுத்தாள். "அவர் போடுறார் இல்லை அக்கா. அலுமாரியைத் திறக்கிற நேரமெல்லாம் பாத்துக்கொண்டு நிக்கிறார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அண்ணி என்னைப் பார்த்தாள். அவளிடமும் நான் உண்மையைச் சொல்லியிருக்கவில்லை. அன்று சொன்னேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு கதைப்பதில்லை, சோறு மட்டும் போடுகிறாள்.

அன்று பின்னேரமே பிரதீபன் வீட்டுக்குப் போனேன். உப்புப் பட்டு வெடித்த கையோடு கிணற்றடியில் நின்றான். கதிரை எடுத்துப் போட்டான். எனக்கு இருக்க வரவில்லை. நான் சொல்லத் தொடங்க முதல் அவனே, "தெரியும் அண்ணே" என்றான். வண்டி நின்றவுடன் மூடியைத் திரும்பத் திறந்து பார்த்தானாம். பிளேட் கீறல் கிடந்ததாம். நீ இறங்கி வருவதற்குள் மூடிவிட்டானாம்.

தெரிந்தும் ஏன்டா வாய் திறக்கவில்லை என்று கேட்டேன். முறிகண்டியில் தேங்காய் உடைத்துவிட்டு நின்றபோது நீ அவனிடம் அம்மாவின் கதையைச் சொன்னாயாம். "அக்கா இன்னொண்டும் சொன்னவா அண்ணே. 'இந்த வண்டியிலையும் எனக்கு டீசல் மணம் வாற மாதிரிக் கிடக்கு, பிரதீபன். பெற்றோல் வண்டியிலை எப்பிடி வரும்? என்ரை தலைக்குள்ளைதான் ஏதோ பிழை, இனி அது மாறாது போல. அண்ணா எனக்காகத் தேடித் தேடி எடுத்தவர், அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ' எண்டு சொன்னவா. அப்பிடிச் சொன்னவாவுக்கு முன்னாலை நான் அந்த மூடியை எப்பிடி அண்ணே திறந்து காட்டுறது?" என்றான். அதை உனக்குச் சொல்லவே வேண்டாம், நீ தாங்க மாட்டாய் என்று என்னிடம் கெஞ்சினான். அவன் கேட்டதை மீறித்தான் இதை எழுதுகிறேன்.

தங்கச்சி, உன் தலைக்குள் ஒரு பிழையும் இல்லை. மணம் இருந்தது. மூன்று கிழமையும் இருந்தது. அதை மறைத்து, உன் மூக்கையே நீ சந்தேகப்பட வைத்தவன் நான்.

வருகிற ஞாயிறு, ஊர் வயல்காரர் எல்லோரும் கூடுகிற கமக்காரர் சங்கக் கூட்டம். நான் எழும்பி எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். வான்காரரையும் வரச் சொல்லியிருக்கிறேன். சிரிக்கிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும். ஆனால் மச்சானின் அந்த வார்த்தையை என்னால் திருப்பி எடுக்க முடியாது. அதை அவர்தான் எடுக்க வேண்டும். இந்தக் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டு. பிறகு இரண்டு பேரும் பிரதீபனுக்கு ஒரு போன் எடுங்கள். எனக்காக மன்னிப்புக் கேட்க வேண்டாம், அது என் வேலை. சேட்டை உன் கையால் கொடுத்ததுபோல, திரும்பவும் வாங்கச் சொல்லி நீயே கேள். நான் கொடுத்தால் அவன் வாங்க மாட்டான்.

நீ சம்மதித்தால் இந்த வண்டியை விற்றுவிட்டு அந்த அடி ரகத்தையே எடுக்கிறேன். அடுத்த முறை பிரதீபன் மனம் வைத்தால் அவனே ஓட்டட்டும். நீ முன்னுக்கு இரு, நான் பின் பெட்டியில் இருந்து வருகிறேன். கையால் சுற்றுகிற கண்ணாடிதான். நீ அதை மூடி வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுப் படலை வரைக்கும் வர வேண்டும், அந்த ஒன்றைத்தான் பிள்ளையாரிடம் கேட்கிறேன்.

இப்படிக்கு,
சிவராசா

(அண்ணா என்று எழுதக் கை கூசுகிறது. நீ எழுதச் சொன்னால் அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.)