காணாக்கடிக்குப் பத்தியம்

மே 12, திங்கள்

விடிந்ததுமே கொதிக்கிறது. போர்வெல்லில் வெறும் காற்று. ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் போன், லாரித் தண்ணீருக்கு. சாம்பாரில் உப்பு போட்டேனா தெரியவில்லை.

கழுத்திலும் முழங்கையிலும் மறுபடி தடிப்பு. சிவந்து வீங்கி, பிய்த்துக்கொள்ளலாம் போல அரிப்பு. கொஞ்ச நேரத்தில் அதுவாகவே மறைகிறது. பிறகு வேறு இடத்தில் முளைக்கிறது. அம்மா இருந்தால் காணாக்கடி என்பாள், கண்ணில் படாத ஏதோ பூச்சி கடித்தது என்று.

இவர் பார்த்துவிட்டு, "நேத்து கத்திரிக்கா சாப்ட்டல்ல, அதான்" என்றார். அதே கத்திரிக்காயை இவரும்தான் சாப்பிட்டார்.

லாரி வந்தது. எங்கள் சந்தின் குறுகலைப் பார்த்து டிரைவர் ஒரே கத்தல். "இன்னா மேடம், இத்துனூண்டு சந்து கீது, வண்டிய மடிச்சா எடுத்தாருவேன்?" தெருமுனையிலிருந்து ஹோஸ் இழுத்து, அது நடுவில் பீய்ச்சியடித்து, புடவை நனைந்து... கடைக்கு லேட்.

இந்த பிளாட் சங்கத்துக்குச் செயலாளர் நான். நானாக ஆகவில்லை. போன வருடக் கூட்டம் எங்கள் வீட்டில். நான் உள்ளே எல்லாருக்கும் காபி கலக்கிக்கொண்டிருந்தேன். ஹாலில் இவர், "எங்க வீட்ல பாத்துப்பாங்க" என்று முடித்துவிட்டார். கைதட்டல் கேட்டுத்தான் வெளியே வந்தேன்.

மே 13, செவ்வாய்

எங்கள் தெரு டாக்டர்: "ஏதோ சாப்பாடு ஒத்துக்கல. எதுன்னு நீங்களே கண்டுபிடிங்க." மாத்திரை. போட்டால் தூக்கம்.

தி. நகரில் மூக்குக்கண்ணாடிக் கடையில் பில் போடுவது என் வேலை. இன்று ஒருவருக்கு பிளஸ் பவரை மைனஸ் என்று எழுதிவிட்டேன். அவரே பார்த்துச் சொன்னார். முதலாளி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அது போதாதா.

நாத்தனார் போன். "அண்ணி, முட்டை, மீன், கருவாடு எதையும் தொடாதீங்க. வேர்க்கடலை கூடாது. புளி ஆகவே ஆகாது."

மிச்சம் இருப்பது இட்லி, மோர் சாதம்.

எனக்கு ஒரு சமையல், இவர்களுக்கு ஒரு சமையல். குழாயில் தண்ணீர் இல்லாத வீட்டில் இரண்டு மடங்கு பாத்திரம். இது பத்தியமா, தண்டனையா?

மே 15, வியாழன்

வெயில். புழுக்கம். மூன்றாவது மாடி மாமி வாசலில்: "எங்காத்துல குழாயத் திறந்தா புஸ்ஸுங்கறது. நீங்க பாத்துண்டுதானே இருக்கேள்?"

மாமி படியேறும் முன்பே பிளாட் வாட்ஸப் குரூப்பில் கீழ்வீட்டுக் குமரேசன் சாரின் குரல். "மேல இருக்கவங்க செடிக்கு ஊத்துறாங்க. செக்ரட்டரி தூங்குறாங்களா?"

வாயில் இட்லியோடு டேங்க் பார்க்க மாடிக்கு ஓடினேன். வந்து பார்த்தால் தட்டில் இட்லி காய்ந்து கிடந்தது. கொட்டிவிட்டேன்.

பத்தியம் தவறவே இல்லை. இன்று முதுகு முழுக்கத் தடிப்பு. மகள் பார்த்துவிட்டு, "அம்மா, அடுத்து இட்லியையும் நிறுத்திருவியா?" என்று சிரித்தாள். நான் சிரிக்கப் பார்த்தேன். அழுகைதான் வந்தது.

மே 16, வெள்ளி

மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பூக்காரம்மா ஓடிவந்து தண்ணீர் கொடுத்தாள்.

"இன்னாம்மா, காலைலேர்ந்து ஒண்ணியும் துன்லியா?"

ஆமாம் என்று சொல்ல வெட்கம். நாற்பத்திரண்டு வயது. வீட்டில் அரிசி, பருப்பு எல்லாம் இருக்கிறது.

கடைக்குப் போகவில்லை. ரத்தம் டெஸ்டுக்குக் கொடுத்துவிட்டு வந்து படுத்தேன். படுத்தபடி லாரிக்காரனுக்கு போன்.

மே 17, சனி

கே.கே. நகரில் தோல் டாக்டர். சின்னப் பெண். என்னென்ன நிறுத்தினேன் என்று ஒப்பிக்க ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது இருக்கட்டும். தடிப்பு வர்றதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?"

லாரி. மாமி. குமரேசன் சார். டேங்க். ராத்திரியும் வரும் போன். சொல்லச் சொல்ல மூச்சு வாங்கியது.

"இப்ப என்ன சாப்ட்டு வந்தீங்க?"

"ஒண்ணும் இல்ல டாக்டர்."

"கையைப் பாருங்க."

மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை எழும்பியிருந்தது. எப்போது சொறிந்தேன் என்றே தெரியவில்லை.

சிலருக்குச் சாப்பாட்டால் வருமாம், எனக்கு அப்படித் தெரியவில்லையாம். மனசு இறுகினால் தடிப்பு அதிகமாகுமாம். பிறகு நேற்றைய ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்தார். "ரத்தம் ரொம்பக் கம்மி. இது இந்த வாரத்துக் கதை இல்ல, நாள்பட்டது. கீரை, பருப்பு, முட்டை எல்லாம் சாப்பிடுங்க. உக்காந்து சாப்பிடுங்க."

"டென்ஷனுக்கு?"

"அதுக்கு நான் எழுதித் தர முடியாதே" என்றார். பாவம், அவரும் என்ன செய்வார்.

இவரிடம் சொன்னேன். "டென்ஷனா? உனக்கா? நான் தினமும் தேனாம்பேட்டை சிக்னல்ல நிக்கிறேன். எனக்கு வரலையே?"

முதுகெல்லாம் எரிந்தது.

மே 18, ஞாயிறு

கீழே வண்டி நிறுத்துமிடத்தில் கூட்டம். மாமியும் குமரேசன் சாரும் செடிக்காக மோதல். கடைசியில் இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். எழுந்தேன். "இனிமே என்னால முடியாது. வேற யாராவது பாருங்க."

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். குமரேசன் சார், "நடுவுல விட்டா எப்படிம்மா?" என்றார்.

இவர் சிரித்துக்கொண்டே, "ஒண்ணுமில்ல சார், அவளுக்குச் சாப்பாடு ஒத்துக்கல. ரெண்டு நாள்ல சரியாயிடும்."

"சாப்பாடெல்லாம் ஒத்துக்குது" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. "இந்த வேலைதான் ஒத்துக்கல. என்னை ஒரு வார்த்தை கேக்காம நீங்க ஒத்துக்கிட்ட வேலை."

மேலே வந்துவிட்டேன். இவர் வெகுநேரம் கழித்து வந்தார். தானே போட்டுச் சாப்பிட்டுப் படுத்துவிட்டார்.

மே 19, திங்கள்

கெண்டைக்காலில் தடிப்பு. விட்டுவிட்டேன் என்று சொன்னதும் ஓடிப்போய்விடும் என்று நினைத்தேன் போல. முட்டாள்.

குரூப்பைத் திறக்கவில்லை. இவரும் நானும் பேசவில்லை. முருங்கைக்கீரை ஆய்ந்து வைத்தேன்.

மே 20, செவ்வாய்

குழாயில் மறுபடி காற்று. எதிர்பார்த்ததுதான்.

கடைக்குக் கிளம்புமுன் தட்டு போட்டு உட்கார்ந்தேன். சாதம், பருப்பு, கீரை, ஒரு முட்டை. இரண்டாவது வாய் எடுக்கும்போது காலிங் பெல். கால் தானாக எழப் பார்த்தது. அழுத்தி உட்கார்ந்தேன். மறுபடி பெல். இவர் பேப்பரிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் பிசைந்துகொண்டிருந்தேன்.

மூன்றாவது பெல்லுக்கு இவரே போய்த் திறந்தார். மாமி. "அவா இல்லையா?"

இவர் திரும்பி என் தட்டைப் பார்த்தார். பிறகு, "சாப்ட்டுக்கிட்டு இருக்கா" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு மாமியோடு மோட்டார் பார்க்கக் கீழே போனார்.

இன்னும் கொஞ்சம் சாதம் போட்டுக்கொண்டேன்.